கார் அப்புறம், முதலில் பிளக் பாயின்ட்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வீடியோக்களை எல்லாம் பார்த்துவிட்டேன், பாதிக்கு மேல் ஓட்டி ஓட்டித்தான். எல்லாருமே சன்ரூஃப் இருக்கா, டச் ஸ்கிரீன் எத்தனை இன்ச் என்று பேசுகிறார்களே தவிர, ராத்திரி வண்டியை எங்கே சொருகப்போகிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "ஒரே வரியில் சொல்லுங்கப்பா, எதை வாங்கலாம்" என்று கேட்டிருந்தாய். சரி, ஒரே வரி: டாடாவின் மின்சாரக் கார் டியாகோ இவி, 24 யூனிட் பேட்டரி. (யூனிட் என்று நான் எழுதுவது அவர்கள் போடும் கிலோவாட் ஹவர்தான், நம் இபி பில்லில் வருகிற அதே யூனிட்.) ஆனால் மேடவாக்கத்தில் உன் பார்க்கிங்கில் ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் வந்த பிறகுதான் புக்கிங். பாயின்ட் வராது என்று ஓனரோ அசோசியேஷனோ கையை விரித்துவிட்டால் மின்சாரக் காரே வேண்டாம், பேசாமல் பெட்ரோலில் ஒன்றை வாங்கு. வெளியில் சார்ஜ் போட்டுச் சமாளிக்கலாம் என்று மாப்பிள்ளை சொல்வார். வாரத்தில் இரண்டு நாள் சார்ஜிங் ஸ்டேஷனில் போய் முக்கால் மணி நேரம் உட்கார உங்கள் இருவருக்கும் எங்கே நேரம் இருக்கிறது? யூனிட்டுக்கு வீட்டைவிட அதிகமாக வேறு கேட்பார்கள்.

பாயின்ட் விஷயத்தை முதலில் முடிக்கிறேன், இத்தனை வருஷம் மின்வாரியத்தில் போர்மேனாக இருந்தவன் இதைத்தான் முதலில் எழுதுவான். உங்கள் அபார்ட்மென்டில் எல்லா வீட்டு மீட்டரும் கீழே ஒரே பலகையில் இருப்பதைப் போன முறை வந்தபோது பார்த்தேன். அது வசதி. உன் மீட்டருக்குப் பக்கத்திலிருந்தே தனி லைன் இழுத்து, பார்க்கிங் தூண் வரை பைப்பில் கொண்டுபோய்விடலாம், பொது மீட்டரில் கை வைக்க வேண்டியதில்லை, யார் கரண்ட்டை யார் எடுக்கிறார்கள் என்ற சண்டையும் வராது. வீட்டு இணைப்பிலேயே சொந்த வண்டிக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதலே இருக்கிறது, அசோசியேஷன் செக்ரட்டரி தயங்கினால் அதைக் காட்டு.

வண்டியோடு வரும் சார்ஜர் 3.3 கிலோவாட். அதாவது 14, 15 ஆம்பியர், மணிக்கணக்கில் நிற்காமல் இழுக்கும். அயர்ன் பாக்ஸ் போல ஐந்து நிமிஷம் இழுத்துவிட்டு நிறுத்துகிற கதை இல்லை. அதனால் 4 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், தனியாக ஒரு 20 ஆம்பியர் எம்சிபி (லோடு கூடினால் தானே அணைகிற சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிப்பது), நல்ல கம்பெனி சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கமே போகாதே, சார்ஜ் ஏறுகிறபோது அதன் பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் உனக்கே புரியும். சாக்கெட்டை இடுப்பு உயரத்துக்கு மேலே வைக்கச் சொல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று உனக்குத் தெரியும்.

அப்புறம் எர்த், அதாவது கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற ஒயர். இங்கே திண்டிவனத்தில் நம் வீட்டுப் போர்ட்டிகோவில் பாயின்ட் போட்டாயிற்று, நீ வண்டியோடு வந்து இறங்கினால் சொருகுவதற்கு. எதிர்வீட்டுத் தம்பி புதிதாக எடுத்திருக்கும் மின்சாரக் காரைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தோம். சார்ஜரில் பச்சை விளக்கு வரவேண்டிய இடத்தில் சிவப்பு. அந்தப் பையன் வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று முகம் சுருங்கிப் போனான். வோல்ட் மீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் பார்த்தால் 20 வோல்ட்டுக்கு மேலே காட்டுகிறது, இருக்க வேண்டியது இரண்டு மூன்று. எர்த் குழி வறண்டு கிடந்திருக்கிறது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் வோல்ட் இறங்கியது, பச்சை வந்தது. பிறகு ஆள் வைத்துக் குழியைத் தோண்டிக் கரியும் உப்பும் போட்டுப் புதுசாகவே செய்துவிட்டேன். சென்னையில் பழைய கட்டடங்களில் எர்த் என்று ஒரு பச்சை ஒயர் தொங்கும், அது மண்ணைத் தொடுகிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். புதுக் கார் சார்ஜ் ஏறவில்லை என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறவர்களில் பல பேருக்கு நோய் வீட்டுச் சுவரில்தான் இருக்கும்.

இனி வண்டி. எம்ஜி காமெட் உனக்குப் பிடித்திருக்கிறது, தெரிகிறது. மூன்று மீட்டருக்கும் குறைவான நீளம், மேடவாக்கம் சந்துகளில் திருப்ப அதைவிடச் சுகமான வண்டி இல்லை, 4.2 மீட்டர்தான் டர்னிங் ரேடியஸ். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிற இரண்டு பேருக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் அதில் 17.3 யூனிட் பேட்டரி, 12 இன்ச் சக்கரம், இரண்டே கதவு. பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் டிக்கியில் ஒரு காய்கறிப் பை வைக்கலாம், அவ்வளவுதான். பாப்பாவைப் பின்சீட்டில் ஏற்றி பெல்ட் போடுவதற்கு ஒவ்வொரு முறையும் முன்சீட்டை மடக்கி, குனிந்து, நுழைந்து… மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே இடுப்பு வலி. ஜிஎஸ்டி ரோட்டில் ஆம்னி பஸ்ஸுக்கும் டிப்பருக்கும் நடுவில் அந்தக் குட்டி வண்டியில் நீங்கள் வருவதை நினைத்தால் உன் அம்மா தூங்க மாட்டாள்.

பேட்டரியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு காமெட்டை 5 லட்சத்துக்கே வாங்கலாம் என்று ஷோரூம் பையன் சொன்னதாக எழுதியிருந்தாய். 2024ல் அந்தத் திட்டம் வந்தபோது 4.99 லட்சம், கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய் என்றார்கள். அந்த இரண்டரை ரூபாய் பேட்டரிக்கு மட்டும், கரண்ட் காசு தனி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு கிலோமீட்டர் என்று எழுதி வாங்கிக்கொள்கிற பைனான்ஸ்காரர்களும் உண்டு, கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தைத் தேடிப் படி. நிறைய ஓடாத உனக்கு அது ஒத்துவராது.

சிட்ரோன் இசி3 நல்ல இடவசதி, பள்ளத்தில் இறங்கினால் தூக்கிப் போடாது, திருவள்ளூரிலேயே செய்கிறார்கள், நம் ஊர் வண்டி என்று ஒரு பாசம் வருகிறது. ஆனால் 2024ல் கார்களை மோதவிட்டுச் சோதிக்கிற குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்ததில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. பேட்டரியைக் குளிரவைப்பதும் வெறும் காற்றுதான், டியாகோவில் திரவம் ஓடிக் குளிரவைக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் சென்னையில் ஓட்டப்போகிற வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. பாசத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆக டியாகோ. அதில் 19.2, 24 என்று இரண்டு பேட்டரி. (யூனிட் என்று நான் எழுதுவது அவர்கள் போடும் கிலோவாட் ஹவர்தான், நம் இபி பில்லில் வருகிற அதே யூனிட்.) 2022 செப்டம்பரில் அறிமுகமானபோது சின்னதுக்கு 250, பெரியதுக்கு 315 கிலோமீட்டர் என்று சொன்னார்கள். அது சோதனைக்கூடத்துக் கணக்கு. மனுஷன் ஏசி போட்டு ஓட்டினால் பெரியது 200ஐ ஒட்டிக் கொடுக்கும், சின்னது 150, 160. உன் ஆபீஸுக்கு இரண்டுமே அதிகம். மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வழியாகச் சிறுசேரி, போக வர 35 கிலோமீட்டர், ஐந்து யூனிட்டுக்குள் முடிந்துபோகும், ராத்திரி இரண்டு மணி நேரம் சொருகினால் போதும். ஓஎம்ஆரில் மெட்ரோ வேலையால் வண்டி ஊர்ந்தாலும் கவலை இல்லை. நிற்கிற வண்டியில் மோட்டார் எதையும் தின்னாது, ஏசிக்கு மணிக்கு ஒரு யூனிட் போனால் அதிகம், பிரேக் போடுகிற இடத்திலெல்லாம் கொஞ்சம் திரும்பவும் ஏறும்.

அப்படியென்றால் சின்ன பேட்டரியே போதுமே என்பாய். திண்டிவனம் இருக்கிறதே. உன் வீட்டிலிருந்து இங்கே 110 கிலோமீட்டர் சொச்சம். மின்சார வண்டிக்குப் பகை டிராஃபிக் இல்லை, வேகம்தான். 80ல் போகிற வண்டியை 100ல் அழுத்தினால் காற்று தள்ளுகிற தள்ளு ஒன்றரை மடங்கு ஆகிவிடும், பேட்டரி கண்ணெதிரே இறங்கும். சின்ன பேட்டரியில் நீ ஆத்தூர் டோல்கேட் தாண்டுகிற நேரம் பேட்டரி மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவாய், மாப்பிள்ளை ஏசியைக் குறைக்கச் சொல்வார். பெரியதில் இங்கே வந்து சேரும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் இருக்கும். ராத்திரி நம் பாயின்டில் சொருகிவிட்டுத் தூங்கினால் காலையில் முழுசாக இருக்கும், வழியில் எங்கேயும் நிற்க வேண்டாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நீ வந்துபோகிற அந்த ஒரு ரோட்டுக்காகத்தான் பெரிய பேட்டரி, வேறு காரணம் கிடையாது.

7.2 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜர் என்று கூடுதலாக ஒரு பெட்டியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அறிமுகத்தின்போதே அதற்கு 50,000 ரூபாய். வேண்டாம். காலியான 24 யூனிட்டையே நம் சாதா பாயின்ட் ஒன்பது, பத்து மணி நேரத்தில் நிரப்பிவிடும், உன் வண்டி தினமும் காலியாகப் போவதும் இல்லை.

காசுக் கணக்கு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறாய் என்று வை. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து இரண்டு மாத பில்லில் 270 யூனிட் கூடும். இங்கேதான் நம் ஊர் ஸ்லாப்பை, அதாவது யூனிட் கூடக் கூட விலை ஏறுகிற படியைக் கவனிக்க வேண்டும். 2024 ஜூலையில் வந்த விலைப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டாத வரைக்கும் 101 முதல் 200 வரை 2.35 ரூபாய்தான், தாண்டிவிட்டால் அந்தச் சலுகை மொத்தமாகப் போய் மேல் யூனிட்டெல்லாம் எட்டும் ஒன்பதுமாக ஏறும். இப்போது உன் வீட்டில் 380 யூனிட் ஆகிறது என்றால் கார் வந்ததும் 650. அந்த விலைப்படி போட்டால் 1,100க்குள் கட்டுகிற நீ 3,400 ரூபாய் கட்டுவாய். ஷோரூமில் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது என்பார்கள், உனக்கு ஒரு ரூபாய் 20 காசை ஒட்டி வரும். இருந்தாலும் அதே தூரத்துக்குப் பெட்ரோல் போட்டால் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கணக்கில் 13,000 ஆகும். வருஷத்துக்கு 60,000க்கு மேல் மிச்சம்.

ஆனால் விலை வித்தியாசமும் இருக்கிறது. 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி வரியை 28லிருந்து 18 சதவீதமாக இறக்கிவிட்டார்கள், மின்சாரக் காருக்கு முன்பு இருந்த அதே 5தான். அதனால் இடைவெளி கூடிப்போயிற்று. அப்போதைய விலையில் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 7 லட்சத்தை ஒட்டி, இந்த டியாகோ இவி 10 லட்சத்துக்கு மேலே. பெட்ரோலுக்கு 13 சதவீதம் சாலை வரி, மின்சாரக் காருக்குத் தமிழ்நாட்டில் முழு விலக்கு, ஆனால் அது கெடு வைத்து நீட்டித்து நீட்டித்து வருகிற அரசாணை. நீ பதிவு செய்கிற தேதியில் நடப்பில் இருக்கிறதா என்று ஆர்டிஓ ஆபீஸில் கேள், விற்கிறவர் சொல்வதை நம்பாதே. எல்லாம் கழித்தால் நாலு, ஐந்து வருஷத்தில் போட்டது திரும்பும். மாதம் 400 கிலோமீட்டர்தான் ஓடுமென்றால் சீக்கிரத்தில் திரும்பாது, அப்போது பெட்ரோல்தான் லாபம். லோன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரிச் சலுகை உண்டு என்று யாராவது சொன்னால் அது 2023 மார்ச்சோடு முடிந்த கதை.

ஷோரூமுக்குப் போகும்போது பாப்பாவின் சீட்டைக் கையோடு எடுத்துப் போ, பின்சீட்டில் மாட்டிப் பார், அதற்கப்புறம் முன்சீட்டில் மாப்பிள்ளைக்குக் கால் நீட்ட இடம் இருக்கிறதா என்றும் பார். ஸ்டெப்னி கேள். மின்சாரக் கார்களில் பாதிக்கு அது கிடையாது, பஞ்சர் கிட் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள், டியாகோவிலும் அப்படித்தான். டெஸ்ட் டிரைவில் ரீஜென் என்பதை, அதாவது காலை எடுத்ததும் வண்டியின் வேகத்தைக் குறைத்து பேட்டரிக்குத் திரும்ப ஏற்றுகிற வசதியைப் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மாற்றி ஓட்டிப் பார். மூன்றில் காலை எடுத்த உடனே வண்டி பிடித்து இழுக்கும், பாப்பா பின்னால் இருந்தால் வாந்திதான், ஒன்றிலேயே வை. பேட்டரி வாரன்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், அந்தப் புத்தகத்தை வாங்கி எதற்கெல்லாம் வாரன்டி போகும் என்ற பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வை. இன்சூரன்ஸில் பேட்டரிக்குத் தண்ணீர் புகுந்தால் கொடுப்பார்களா என்று கேட்டு அந்தக் கூடுதல் கவரைச் (ஆட் ஆன்) சேர். மின்சாரக் காருக்கு நம்பர் பிளேட் பச்சை என்பதால் முழங்கால் தண்ணீரிலும் போகலாம் என்று அர்த்தமில்லை.

நீ ஹாட்ச்பேக்தான் என்று தீர்மானமாக இருக்கிறாய், இருந்தாலும் போகிற கையோடு அதே ஷோரூமில் பஞ்ச் இவியிலும் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு வா. நீளம் பத்து சென்டிமீட்டர்கூட அதிகமில்லை, 2024ல் நம் நாட்டு மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. விலை உன் பட்ஜெட்டுக்குள் வந்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

உன் மீட்டர் பலகையை மூடி திறந்து உள்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, மீட்டரிலிருந்து உன் பார்க்கிங் தூண் வரை எத்தனை அடி என்று மாப்பிள்ளையை அளந்து சொல்லச் சொல். கடைசி மூன்று இபி பில்லும் வேண்டும், அதில் சாங்ஷன் லோடு, அதாவது உன் வீட்டுக்கு வாரியம் அனுமதித்த அளவு எத்தனை கிலோவாட் என்று பார்க்கணும். ஒயரும் எம்சிபியும் நான் இங்கேயே நல்லதாக வாங்கிக்கொண்டு வருகிறேன், அங்கே எலக்ட்ரீஷியன் மட்டும் பிடித்து வை.

அன்புடன்,
அப்பா