மருந்து ஆய்வுப் பணியும் மருத்துவரின் சம்பளமும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

கிருஷ்ணகிரி,
ஆனி மாதம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. ஹவுஸ் சர்ஜன் பயிற்சியை முடித்த உன் மகளுக்குப் பெங்களூரில், புதிய மருந்துகளை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் மருந்து ஆய்வு நிறுவனம் ஒன்றிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருப்பதையும், பென்னாகரத்துச் சொந்தங்கள் "ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர்?" என்று கேட்பதையும் எழுதியிருந்தாய். அந்தத் துறையில் இரண்டு பக்கமும் நின்று வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறாய். தெரிந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

அவளுக்கு வந்திருப்பது மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு வேலை. மருந்து உட்கொண்டவர்களுக்கு நேர்ந்த பக்கவிளைவுகள் பற்றிய அறிக்கைகளைப் படித்து, அந்த விளைவுக்கு மருந்துதான் காரணமா என்று மருத்துவர் என்ற முறையில் கருத்துச் சொல்ல வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் இந்தத் துறைக்குள் நுழைவது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான். சில ஆண்டுகள் கழித்து, ஆய்வு நடக்கும் மருத்துவமனைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மெடிக்கல் மானிட்டர் ஆகலாம். மருந்தியலில் எம்.டி. முடித்திருந்தால் அந்த இடத்துக்கு விரைவில் போகலாம், சம்பளமும் கூடும். மாதம் தவறாமல் பணம் வரும், இரவுப் பணி குறைவு. ஓசூரில் தங்கி அத்திப்பள்ளி தாண்டிப் போய்வருபவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆறு ஆண்டுகள் போய்வந்தேன்.

அரசு வேலையோடு ஒப்பிட்டுக் கேட்டிருந்தாய். இங்கே உதவி மருத்துவராகச் சேர்ந்தால் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்கும், அதற்கு மேல் படிகள் உண்டு. மேற்படிப்பில் அரசு மருத்துவர்களுக்கென உள்ள ஒதுக்கீடு நம் பிள்ளைகளுக்குப் பெரிய துணை. நிறுவனத்தில் தொடக்கச் சம்பளத்தில் பெரிய வேறுபாடு இருக்காது. ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிறகுதான் அங்கே ஏற்றம் தெரியும், அதுவும் வேறு நிறுவனத்துக்கு மாறிச் சேர்பவர்களுக்கே.

ஆனால் நண்பா, என் மனத்தில் நெடுநாளாகக் கிடக்கும் வருத்தம் வேறு. பெங்களூரை விட்டு வந்தபின் ஒரு தனியார் மருத்துவமனையில், மருந்து ஆய்வை நடத்தும் மருத்துவருக்குத் துணையான இணை ஆய்வாளராக இருந்தேன். அங்கே நோயாளி ஆய்வுக்காக வந்துபோகும் ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருக்கும். அந்தப் பதிவேடுகளை ஆய்வை நடத்தும் நிறுவனத்தார் வந்து சரிபார்த்த பிறகே பணம் வரும், மருத்துவமனை தன் பங்கை எடுத்துக்கொண்ட பின்னரே எங்களுக்கு வரும். ஒருமுறை ஒன்பது மாதம் தாமதமானது. நோயாளியின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து மறவாமல் வரச்சொல்லி, ரத்த மாதிரியைக் குளிர்பெட்டியில் அனுப்பி, ஒவ்வொரு தாளிலும் தேதி சரியா என்று பார்த்த கோஆர்டினேட்டர் பெண்ணுக்குத்தான் அங்கே எல்லாரையும்விடக் குறைந்த சம்பளம். அவள் வேலையை விட்டுப் போன வாரத்தில்தான் அவள் எவ்வளவு தாங்கிக்கொண்டிருந்தாள் என்பது எங்களுக்குப் புரிந்தது.

அங்கே நடந்த ஓர் ஆய்வில் பங்கேற்ற வேப்பனப்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர் ஓர் இரவு நெஞ்சுவலியோடு வந்து சேர்ந்தார். மருந்து ஆய்வுகளுக்கான 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, இத்தகைய கடும் பாதிப்பை 24 மணி நேரத்துக்குள் மத்திய உரிம அதிகாரிக்கும், ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும், பங்கேற்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் ஆய்வாளர் தெரிவிக்க வேண்டும். ஆராய்ந்த விரிவான அறிக்கையை 14 நாளுக்குள் அனுப்ப வேண்டும். மருந்து காரணமாக இருக்கலாம் என்று நான் எழுதினேன். அந்த ஒரு வரியைப் பொறுத்தது அந்தக் குடும்பத்தின் உரிமை; ஆய்வினால் இறப்பே நேர்ந்திருந்தால் இழப்பீட்டைக் கணக்கிட விதிகளில் வைத்திருக்கும் அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். நல்லவேளையாக அவர் பிழைத்து வீடு திரும்பினார். அந்த இரவுக்கும் அந்த அறிக்கைக்கும் ஒப்பந்தத்தில் தனித் தொகை எதுவும் இல்லை. சேர்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு மட்டும் வருமானம் கூடும் என்றால், தகுதியில்லாத ஒருவரைச் சேர்த்துவிடலாம் என்ற எண்ணம் நல்ல மருத்துவருக்கும் ஒரு கணம் எட்டிப் பார்க்கும். அதனால்தான் ஒப்பந்தத்தின் தொகைகளையும் நெறிமுறைக் குழு பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்தி வருகிறேன். குறைந்தது ஏழு பேர் கொண்ட அந்தக் குழுவில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராத வெளியாராக இருக்க வேண்டும் என்று விதி சொல்வதும் இதற்காகத்தான் என்பது என் எண்ணம்.

இவ்வளவு எழுதியதால் நான் தடுக்கிறேன் என்று நினைக்காதே. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலேயே மாத்திரை உட்கொண்டவர்களும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள் என்பதை 1959-இல் காட்டியது. கூலி வேலைக்குப் போகவேண்டியவன் ஓராண்டு படுக்கையில் கிடக்கத் தேவையில்லை என்று உலகம் அறிந்தது நம் ஊர் ஏழைகள் பங்கேற்ற ஆய்வால்தான். ஃபுளோரைடு நீரால் எலும்பு வளைந்த முதியவர்களை உன் ஊரிலும் என் ஊரிலும் பார்த்து வளர்ந்த பெண், ஆய்வை வெறும் அலுவலக வேலையாக எண்ணமாட்டாள்.

என் யோசனை இதுதான். ஓர் ஆண்டாவது அவள் நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும். நெஞ்சுவலி நோயாளியின் முகத்தைப் பார்த்திராதவர், ஓர் அறிக்கையை வைத்துக்கொண்டு காரணம் சொல்வது கடினம். நிறுவனம் காத்திருக்காது என்றால், சேரட்டும். ஆனால் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வெளிநோயாளிகளைப் பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். பணியிலிருந்து விலகினால் எத்தனை மாத அறிவிப்பு, பயிற்சிக்கென்று பிணைத்தொகை எழுதி வாங்குகிறார்களா என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வரும் ஞாயிறு அவளை அழைத்துக்கொண்டு வா. பணி நியமனக் கடிதத்தின் நகலையும் எடுத்து வரச் சொல். மூவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துவிடலாம். தோட்டத்தில் மல்கோவா இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழன்