பேக்கர்ஸ் ஏமாறவில்லை: ஒரு பேர்ஸ் ரசிகனின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-இல், பந்தை எறிந்து ஆட்டத்தை வழிநடத்தும் குவாட்டர்பேக் ஆரன் ரோஜர்ஸை நியூயார்க் ஜெட்ஸ் அணிக்குக் கொடுத்ததில் கிரீன் பே பேக்கர்ஸ் அணி ஏமாந்துவிட்டது என்றும், ஜெட்ஸ் அணியைக் கவிழ்த்தது துரதிர்ஷ்டம் மட்டுமே என்றும் வாதிட்டுத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நான் பேக்கர்ஸின் பரம வைரியான சிகாகோ பேர்ஸ் அணியின் நெடுநாள் ரசிகன். பேக்கர்ஸ் ஏமாந்தது என்று யார் எழுதினாலும் இரண்டு முறை படித்து மகிழ வேண்டிய கட்சியைச் சேர்ந்தவன். அப்படிப்பட்ட என்னாலேயே அந்தக் கட்டுரையின் கணக்கை ஒப்புக்கொள்ள முடியவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

கட்டுரையாளர் தந்த விவரங்களில் பிழையில்லை. 2023 ஏப்ரல் 24 அன்று முடிவான பேரத்தில் ரோஜர்ஸுடன் அவ்வாண்டு டிராஃப்டின் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 15ஆம் இடமும் ஐந்தாம் சுற்றில் ஓர் இடமும் ஜெட்ஸுக்குச் சென்றன. பதிலுக்கு 13ஆம் இடம், இரண்டாம் சுற்றில் 42ஆம் இடம், ஆறாம் சுற்றில் 207ஆம் இடம் ஆகியவற்றுடன் 2024ஆம் ஆண்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றும் பேக்கர்ஸுக்குக் கிடைத்தது. ரோஜர்ஸ் அந்த சீசனில் ஜெட்ஸின் தாக்குதல் ஆட்டங்களில் 65 சதவீதம் களத்தில் இருந்தால் அந்த இரண்டாம் சுற்றுத் தேர்வு முதல் சுற்றுத் தேர்வாக உயரும் என்பது நிபந்தனை. செப்டம்பர் 11 அன்று, முதல் போட்டியில், நான்காவது ஸ்நாப்பிலேயே, அதாவது நான்காவது முறை பந்து ஆட்டத்துக்கு வந்தபோதே, அவருடைய குதிகால் தசைநார் அறுந்தது. நிபந்தனையும் அங்கேயே முடிந்தது. போதாக்குறைக்கு, அணியை விட்டுப் போன ஒருவருக்காக 40 மில்லியன் டாலருக்கும் மேற்பட்ட தொகை பேக்கர்ஸின் அவ்வாண்டுச் சம்பள உச்சவரம்புக் கணக்கில் ஏறி உட்கார்ந்தது. இவற்றையெல்லாம் ஒரு பக்கமும், நான்கு முறை லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருது பெற்றவரை மறுபக்கமும் வைத்துப் பார்த்து, பேக்கர்ஸுக்கு நஷ்டம் என்று கட்டுரையாளர் தீர்ப்பு எழுதிவிட்டார்.

இந்தப் பேரம் 2023 ஏப்ரலில் நடந்ததாக எடுத்துக்கொண்டதுதான் அவர் சறுக்கிய இடம் என்பது என் வாதம். அது 2020 ஏப்ரலிலேயே நடந்துவிட்டது. 13 வெற்றி, 3 தோல்வி என்ற கணக்கில் ஒரு சீசனை முடித்து, லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான மாநாட்டின் இறுதிப் போட்டிவரை சென்றிருந்த பேக்கர்ஸ் அணி, அந்த டிராஃப்டில் நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்து 30ஆம் இடத்திலிருந்து 26ஆம் இடத்துக்கு ஏறி, ஜோர்டன் லவ் என்ற குவாட்டர்பேக்கைத் தேர்ந்தெடுத்தது. ரோஜர்ஸுக்கு, அவர் எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஒருவரை வாங்கித் தராமல் வாரிசை வாங்கிவைத்தார்கள் என்று அன்று பேக்கர்ஸின் மாநிலமான விஸ்கான்சின் முழுவதும் புலம்பியது. சிகாகோவில் நாங்கள் சிரித்தோம். அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளிலும் ரோஜர்ஸே லீக்கின் மிக மதிப்புமிக்க வீரராகத் தேர்வானபோது, பேக்கர்ஸின் பொது மேலாளர் பிரையன் குட்டகுன்ஸ்ட் முட்டாள்தனமாக ஒரு முதல் சுற்றுத் தேர்வை வீணடித்தார் என்ற பேச்சு மேலும் வலுத்தது.

பேக்கர்ஸ் கொடுத்த உண்மையான விலை அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது. கட்டுரையாளர் அதைத் தொடவே இல்லை. 2020 சீசனின் மாநாட்டு இறுதிப் போட்டியில் டம்பா பே அணியிடம் 31க்கு 26 என்றும், அதற்கடுத்த சீசனில் சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 13க்கு 10 என்றும் சொந்த மைதானத்திலேயே தோற்றார்கள். இரண்டும் கைக்கெட்டிய போட்டிகள். 26ஆம் இடத்தில் வேறொருவரை எடுத்திருந்தால் அவற்றில் ஒன்றாவது மாறியிருக்குமா என்று கேட்க ஒரு பேக்கர்ஸ் ரசிகருக்கு முழு உரிமை உண்டு. லவ் அப்போது தொப்பி அணிந்து, கையில் பலகையுடன் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். ஜெட்ஸிடமிருந்து வராமற்போன முதல் சுற்றுத் தேர்வோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய செலவு. தெரிந்தே செய்த செலவும் கூட.

அதன் பலனை முதலில் அனுபவித்தவர்கள் நாங்கள்தான். ரோஜர்ஸ் வீழ்வதற்கு முந்தைய நாள், 2023 செப்டம்பர் 10 அன்று, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் லவ் மூன்று டச்டவுன்களை (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் புள்ளிகள்) எறிந்து எங்களை 38க்கு 20 என்று தோற்கடித்தார். ரோஜர்ஸ் போய்விட்டார், இனி நமக்கு விடிவுகாலம் என்று நம்பி வந்திருந்த கூட்டம் நான்காம் கால்பகுதி முடியும் முன்பே வாகன நிறுத்துமிடத்தை நோக்கி நகர்ந்தது. அந்த சீசனின் கடைசி வாரத்தில் எங்களை மீண்டும் வென்றுதான் அவர்கள் பிளேஆஃப் எனும் வெளியேற்றுச் சுற்றுக்குள் நுழைந்தார்கள். ஏழாம் இடத்தில் தகுதிபெற்ற அணியாக டல்லாஸ் சென்று 48க்கு 32 என்று கவ்பாய்ஸை வீழ்த்தினார்கள். சீசன் முழுவதும் லவ் எறிந்த டச்டவுன்கள் 32. அணியில் இல்லாத ஒருவருக்கு 40 மில்லியன் டாலர் கணக்கு எழுதிய ஆண்டில் கிடைத்த பலன் இது.

அடுத்து, துரதிர்ஷ்டம் என்ற வாதம். அந்த நான்காவது ஸ்நாப்பைப் பலமுறை திரும்பப் பார்த்திருக்கிறேன். ரோஜர்ஸின் இடப்பக்கத்தைக் காத்து நின்றவர் 38 வயது டுவேன் பிரவுன். பஃபலோவின் லெனார்டு ஃபிளாய்டு அவரைக் கடந்து வந்து ரோஜர்ஸைப் பிடித்துச் சாய்க்கிறார். ரோஜர்ஸ் எழுந்து நிற்கிறார். பிறகு மெல்லப் புல்தரையில் உட்கார்ந்துவிடுகிறார். (ஃபிளாய்டு 2016இல் எங்கள் அணி முதல் சுற்றில் தேர்ந்தெடுத்தவர் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.) காயம் எவருக்கும் நேரலாம், அதைக் கொண்டாடுபவன் நானல்ல. ஆனால் 39 வயது குவாட்டர்பேக்கை 38 வயதுக்காரரின் காவலில் நிறுத்தி, ஓர் அணியின் எதிர்காலம் மொத்தத்தையும் அந்த ஏற்பாட்டின் மேல் கட்டிவிட்டு, விளைந்ததற்கு விதியைக் குறை சொல்வது நியாயமாகாது.

காயம்தான் காரணம் என்றால், 2024 சீசன் அதை மெய்ப்பித்திருக்க வேண்டும். அவ்வாண்டு ரோஜர்ஸ் 17 போட்டிகளிலும் ஆடினார்; 28 டச்டவுன்கள் எறிந்தார். அணி வென்றது ஐந்து, தோற்றது பன்னிரண்டு. ஐந்து போட்டிகள் முடிந்தவுடனே தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். ரோஜர்ஸின் பழைய கூட்டாளி டவாண்டே ஆடம்ஸை இடையிலேயே அழைத்துவந்தும் ஒன்றும் தேறவில்லை. 2025இல் ஜெட்ஸ் ரோஜர்ஸை விடுவித்தது. அவர் பிட்ஸ்பர்க் சென்றார். உடல்நலத்துடன் அவர் முழுமையாக ஆடிய ஆண்டின் கணக்கு இப்படி இருக்க, முதல் ஆண்டின் காயத்தை மட்டும் காட்டி ஜெட்ஸுக்கு அனுதாபம் தேடுவது எப்படிப் பொருந்தும்?

ஜெட்ஸுக்கு எச்சரிக்கையும் இல்லாமல் இல்லை. இதே பேக்கர்ஸ் 2008 ஆகஸ்டில் இதே ஜெட்ஸுக்குத்தான் தன் குவாட்டர்பேக் பிரெட் ஃபாவ்ரைக் கொடுத்தது. ஓய்வு அறிவித்து, மனம் மாறித் திரும்பிய ஃபாவ்ருக்காக அவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வு மட்டுமே. இன்றைய கட்டுரையாளரின் கணக்குப்படி அதுவும் படுநஷ்டமே. ஆனால் 2005 டிராஃப்டில் 24ஆம் இடத்தில் எடுக்கப்பட்டு மூன்று ஆண்டுகள் ஃபாவ்ருக்குப் பின்னால் காத்திருந்த இளைஞர்தான் ரோஜர்ஸ். அவர் 2011 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கை 31க்கு 25 என்று வென்று சூப்பர் பவுல் கோப்பையைக் கொண்டுவந்தார். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் சோல்ஜர் ஃபீல்டில் 21க்கு 14 என்று எங்களைத் தோற்கடித்துத்தான் அந்த இறுதிப் போட்டிக்கே சென்றார்.

ரோஜர்ஸ் எங்களுக்கு என்னவாக இருந்தார் என்பதைச் சொன்னால்தான் நான் இதை எவ்வளவு மனக்கசப்போடு எழுதுகிறேன் என்பது தங்கள் வாசகர்களுக்குப் புரியும். 2013 டிசம்பர் 29. சீசனின் கடைசிப் போட்டி. வெல்பவருக்குப் பிரிவுப் பட்டம். 28க்கு 27 என்று நாங்கள் முன்னிலையில் இருக்கிறோம். ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே மிச்சமிருக்கிறது. பேக்கர்ஸுக்குக் கடைசியான நான்காவது வாய்ப்பு, பந்தைத் தக்கவைக்கத் தேவை எட்டு யார்டு. எங்கள் ஜூலியஸ் பெப்பர்ஸ் தடையின்றிப் பாய்ந்து வருகிறார். கடைசிக் கணத்தில் ஃபுல்பேக் ஜான் கூன் குறுக்கே விழுந்து அவர் காலைத் தட்டிவிட, அந்த ஒரு சாண் இடைவெளியில் ரோஜர்ஸ் இடப்புறம் நழுவி ஓடியபடியே பந்தை எறிகிறார். ராண்டல் காப் ஆளில்லாத இடத்தில் 48 யார்டு டச்டவுனாக அதைப் பிடிக்கிறார். 2021இல் எங்கள் மைதானத்திலேயே எங்கள் ரசிகர்களைப் பார்த்து, இன்னும் நீங்கள் என் கைக்குள்தான் என்ற பொருளில் அவர் கத்தியபோது, மறுத்துப் பேச எங்களிடம் புள்ளிவிவரம் ஏதுமில்லை. அப்படிப்பட்டவர் போனபின்னும் நாங்கள் தோற்றோம் என்றால் அந்தப் பேரத்தை விற்றவரின் ஏமாளித்தனம் என்று நான் எப்படி எழுத முடியும்?

குவாட்டர்பேக்கை அவசரத்தில் வாங்குவதென்றால் என்னவென்று எங்களைக் கேட்க வேண்டும். 1997இல் ரிக் மைரருக்காக ஒரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்தோம். ஒரே சீசனில் அவர் போனார். 2009இல் ஜே கட்லருக்காக இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும், ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும், கைல் ஆர்டனையும் கொடுத்தோம். 2017இல் மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு, ஒரே ஒரு படி ஏற, மேலும் மூன்று தேர்வுகளை அள்ளிக்கொடுத்து மிட்ச் டிரூபிஸ்கியை எடுத்தோம். பின்னாளில் சூப்பர் பவுல்களை வென்ற குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் 10ஆம் இடம்வரை அங்கேயே இருந்தார். ஃபாவ்ரும் ரோஜர்ஸுமாக 1992 முதல் 2022 வரை பேக்கர்ஸ் ஓட்டிய காலத்தில் எங்களுக்குக் குவாட்டர்பேக்காக ஆட்டத்தைத் தொடங்கியவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். ஒரு சீசனில் 4,000 யார்டு எறிந்தவர் எங்கள் அணியின் வரலாற்றிலேயே கிடையாது.

பேக்கர்ஸும் ஒருகாலத்தில் வாங்கியவர்களே என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஃபாவ்ரையே 1992இல் அட்லாண்டாவுக்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்துத்தான் பெற்றார்கள். ஆனால் அதன்பிறகு பசி எடுக்கும் முன்பே உலை வைக்கும் வழக்கத்தைப் பழகிக்கொண்டார்கள். அதற்கு அவர்களுடைய அமைப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். லீக்கில் தனி முதலாளி இல்லாமல், பொதுமக்களே பங்குதாரர்களாக இருக்கும் ஒரே அணி அது. இந்த ஆண்டே கோப்பை வேண்டும் என்று மேசையைத் தட்டும் முதலாளி இல்லாத இடத்தில், மூன்று ஆண்டுகள் களமிறங்காமல் இருக்கப்போகும் ஒருவருக்கு முதல் சுற்றுத் தேர்வைச் செலவிடும் துணிச்சல் ஒரு பொது மேலாளருக்கு வருகிறது. வேறு அணிகளில் அப்படிச் செய்பவர் அந்த மூன்று ஆண்டுகள் வேலையில் இருப்பாரா என்பதே சந்தேகம்.

ஜெட்ஸிடமிருந்து வந்த தேர்வுகளால் அவர்கள் பெரிதாகச் சம்பாதித்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த 207ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட உதைப்பாளர் ஆண்டர்ஸ் கார்ல்சன்தான், 2024 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிரான பிளேஆஃப் போட்டியின் இறுதிக் கட்டத்தில் 41 யார்டு ஃபீல்டு கோலைத் தவறவிட்டவர்; பேக்கர்ஸ் 24க்கு 21 என்று வெளியேறியது. அந்த ஒரு தேர்வை மட்டும் வைத்துப் பார்த்தால் கட்டுரையாளரோடு உடன்பட எனக்கு மனமாரச் சம்மதம்.

எங்கள் இளம் குவாட்டர்பேக் காலெப் வில்லியம்ஸ் 2024இல் முதல் போட்டியிலிருந்தே களத்தில் தள்ளப்பட்டு, அந்த ஒரு சீசனில் 68 முறை வீழ்த்தப்பட்டார். சீசன் முடியும் முன்பே தாக்குதல் பயிற்சியாளரும் தலைமைப் பயிற்சியாளரும் அடுத்தடுத்து நீக்கப்பட்டார்கள். லவ் மூன்று ஆண்டுகள் ஓரமாக நின்று கற்றுக்கொண்ட பாடங்களை இவர் தரையில் விழுந்தபடியே கற்க வேண்டியிருந்தது. பேக்கர்ஸோ 2024 ஜூலையில் லவ்வுடன் 220 மில்லியன் டாலருக்கு நான்கு ஆண்டு நீட்டிப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்தப் பணமெல்லாம் தகுமா என்று தங்கள் பக்கங்களில் விவாதம் வரக்கூடும், வரட்டும். எனக்கு அதில் ஆர்வமில்லை. லவ் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே என்றாவது ஒரு டிராஃப்டில் பேக்கர்ஸ் முதல் சுற்றில் இன்னொரு குவாட்டர்பேக்கை எடுத்தால், தங்கள் கட்டுரையாளர் அன்றே உட்கார்ந்து பரிமாற்றச் செய்தியை எழுதத் தொடங்கலாம் என்பது என் தாழ்மையான யோசனை.

இப்படிக்கு,
சிகாகோ பேர்ஸ் ரசிகன்