சிப்மங்க் ஊருக்குப் போகவில்லை

ஏற்காடு,
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள மூத்தவளுக்கு,

(மூன்றே மாதம்தான். இருந்தாலும் மூத்தவள் மூத்தவள்தானே.)

உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. உடனே எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. மழைக்கு மலைப்பாதையில் ஓரிடத்தில் மண் சரிந்து, இரண்டு நாள் பஸ் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போனது. தபாலும் தாமதம். என் முழங்காலுக்கு அந்தச் சுற்று ஆகாதென்று நான் சேலத்துக்கு இறங்கவே இல்லை. தட்டுவடை செட் சாப்பிட்டு ஒரு மாதமாகிறது, என் நிலைமையைப் பார்த்துக்கொள்.

சரி, உன் பேரன் விஷயத்துக்கு வருகிறேன். பின்வாசல் படியில் தினமும் வந்து நின்ற சிப்மங்கை, அதுதான் அந்த ஊர்க் கோட்டு அணிலை, பத்து நாளாகக் காணோம், செத்துப்போச்சா பாட்டி என்று கேட்டு அழுகிறான் என்றாய். “ஊருக்குப் போயிருக்குன்னு சொல்லி வைம்மா” என்கிறாள் உன் மகள். அப்படிச் சொல்லாதே. எந்த ஊர், யாரோடு போனது, பஸ்ஸிலா பிளேனிலா என்று நாளைக்குக் கேட்பான். நீயும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் கட்ட வேண்டியிருக்கும். உள்ளதையே சொல். குளிர் வந்ததும் அது வளைக்குள் போய்விடுகிறது. உங்கள் நியூஜெர்சியில் அக்டோபர் தாண்டிவிட்டால் அவை கண்ணில் படுவது குறைந்துவிடும்.

நீ செப்டம்பரில் அனுப்பிய சிப்மங்க் வீடியோவை இங்கே எஸ்டேட் பால்வாடிப் பிள்ளைகளுக்குக் காட்டினேன் என்று சொன்னேனா? ரிட்டயர் ஆன பிறகு காலையில் இரண்டு மணி நேரம் அங்கேதான் என் பொழுது. இப்போது காப்பிப் பழம் எடுக்கிற நேரம். தாய்மார்கள் விடியலிலேயே காட்டுக்குள் போய்விடுகிறார்கள், பிள்ளைகள் எல்லாம் எங்களிடம்தான். பதினோரு பேரும் என் செல்போன் மேல் கவிழ்ந்து பார்த்தார்கள். “அணில்” என்று கத்தினார்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை போட்டபோது ஐந்து வயதுப் பெண் ஒருத்தி, “டீச்சர், இதுக்கு மூஞ்சியில கோடு இருக்கு. நம்ம அணிலுக்கு இல்ல” என்றாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவள் சொன்னதுதான் கண்டுபிடிக்கிற வழி. நம் அணிலுக்கு முதுகோடு சரி. சிப்மங்குக்குக் கண்ணுக்கு மேலேயும் கீழேயும் கோடு ஓடும்.

உனக்கு நினைவிருக்கிறதா, தமிழய்யா நம்மைத் தொல்காப்பிய மரபியல் நூற்பாக்களை உருப்போடச் சொல்லி உயிரை எடுத்தது? அதில் ‘மூவரி அணில்’ வரும். அணிலின் குஞ்சைக் குட்டி என்று சொல்லலாம் என்கிற இடம். தொல்காப்பியர் காலத்திலேயே யாரோ உட்கார்ந்து நம் அணிலின் முதுகுக் கோட்டை எண்ணியிருக்கிறார்கள். ராமர் விரல் தடவிய கதையும் பிள்ளைகளுக்குத் தெரியும். அப்படியானால் அமெரிக்க அணிலை யார் முகத்தோடு சேர்த்துத் தடவினார்கள் என்று ஒரு பொடியன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை!

நம் நாட்டில் சிப்மங்கே கிடையாது. ஏறக்குறைய எல்லா வகையும் வட அமெரிக்காவில்தான் இருக்கின்றன. சைபீரியப் பக்கம் ஒரே ஒரு வகை உண்டு. அதனால் தமிழில் என்ன பெயர் என்று உன் பேரன் கேட்டதற்கு நம்மிடம் பழைய சொல் ஏது? பால்வாடியில் இப்போது அதன் பெயர் ‘கோட்டுமூஞ்சி’. வேண்டுமானால் எடுத்துக்கொள்.

கன்னப் பையை எப்படிப் புரியவைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வாய்க்குள் இரண்டு பக்கமும் பை, அதில் கொட்டைகளை அடைத்துக்கொண்டு வளைக்கு ஓடும், நிரம்பினால் ஒவ்வொரு பையும் தலை அளவுக்கு உப்பும் என்றேன். முழித்தார்கள். வேர்க்கடலையை வாயில் அடக்கிக் காட்டலாம் என்றால் யாருக்காவது தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அப்போது கோட்டைக் கண்டுபிடித்த அதே பெண் எழுந்து, பாவாடை மேல் கையை வைத்து, “எங்கம்மா இடுப்புல பை கட்டிப் பழம் போடுமே, அந்த மாதிரியா?” என்றாள். அதே மாதிரிதான் கண்ணு. பறித்துப் பறித்துப் பையில் போட்டு, நிரம்பியதும் போய்க் கொட்டிவிட்டு, மறுபடி வெறும் பையோடு வருவது. அப்புறம் எல்லோரும் ஸ்வெட்டர் பாக்கெட்டில் புளியங்கொட்டையை அடைத்துக்கொண்டு மூலைக்கு ஓடி ஓடிக் கொட்டினார்கள். கூட்டிப் பெருக்க ஆயாவுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அந்தச் சேமிப்பைத்தான் உன் பேரனுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். கரடி மாதிரி உடம்பில் கொழுப்பை ஏற்றிக்கொண்டு படுக்கிற ஜாதியில்லை அது. பத்தடிக்கு மேல் நீளுகிற வளை, உள்ளே காய்ந்த இலை பரப்பிய ஒரு படுக்கை அறை, பக்கத்திலேயே கொட்டைகளின் கிடங்கு. படுத்ததும் உடம்பு சில்லிட்டுப்போய் மூச்சு மிக மெதுவாகிவிடும். ஆனால் கும்பகர்ணன் மாதிரி ஒரே தூக்கமாகத் தூங்காது. சில நாளுக்கு ஒரு தடவை விழித்து, கிடங்கில் எடுத்துத் தின்றுவிட்டு மறுபடி சுருண்டுகொள்ளும். உன் படிக்கட்டுக்கு அடியிலேயேகூட இப்போது படுத்திருக்கலாம் என்று சொல்லிப் பார், அழுகை நிற்கும். மண்ணைத் தோண்டிப் பார்க்க மட்டும் விடாதே.

ஒரு இடத்தில் எனக்குத் தயக்கம். வளையில் அது தனியாகத்தான் இருக்கும் என்றதும், “அப்பா எங்க?” என்று கேட்டார்கள். சிப்மங்க் ஒண்டிக்கட்டை. குட்டிகளைத் தாய் ஒருத்தியே வளர்ப்பாள். கண் திறக்காமல், முடி முளைக்காமல் பிறந்து, ஆறு வாரம்போல் கழித்து வெளியே வந்து, கொஞ்ச நாளில் அவையும் தனித்தனியாகப் போய்விடும். அப்பா அணில் ஆபீஸ் போயிருக்கிறது என்று கதை கட்ட வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு உள்ளதைச் சொன்னேன். ஒரு பையன், “எங்கப்பாவும் திருப்பூர்லதான் இருக்கு” என்றான். சொல்லிவிட்டுப் புளியங்கொட்டை எண்ணப் போய்விட்டான். நான்தான் ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தேன்.

நீ பிஸ்கட் போட்டுப் பழக்குவதையும் நிறுத்து. நல்லெண்ணத்தில் கெடுப்பது எனக்கு அனுபவம். போன வருஷம் பின்னாலிருக்கும் கொய்யா மரத்திலிருந்து அணில்குட்டி ஒன்று விழுந்தது. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. இங்க் ஃபில்லரில் பசும்பால் ஊட்டினேன். மூன்றாம் நாள் போய்விட்டது. பசும்பால் அதற்கு ஆகவே ஆகாது. துணி போட்ட டப்பாவில் கதகதப்பாக வைத்து மரத்தடியிலேயே விட்டிருந்தால், தாய் வந்து வாயில் கவ்விக்கொண்டு போயிருக்கும். அன்று பூராவும் அது மரத்தில் வாலை உதறி உதறிக் கீச்சுக் கீச்சென்று கத்தியதை நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். எனக்குப் புரியவில்லை.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர்த் தொட்டியை மாற்றினோம், செலவு கையைக் கடித்தது. சில்வர் ஓக்கில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி இந்த வருஷம் நன்றாகச் சரம் பிடித்திருக்கிறது.

பால்வாடிச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருக்கிறோம். கோட்டுமூஞ்சி எழுந்திருக்கிற நாளுக்காகத் தினமும் ஒருவர் கட்டம் அடிக்கிறார். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ அது தலையை நீட்டியதும் பேரனை விட்டு எனக்குப் போன் போடச் சொல். இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, எடுப்பேன்.

காப்பித்தூள் அரைக் கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் வருகிறவர்கள் இருந்தால் சொல்.

உன்,
இளையவள்