பெரியவள் கண்டுபிடித்த முறை

பாம்பன்,
8 ஜூன் 2025

அன்புள்ள சேகர்,

அக்கா போனபோது நீ எழுதிய கடிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. பதினாறு மாதமாகப் பதில் எழுதவில்லை. எடுத்துப் படிப்பேன், நாளைக்கு எழுதலாம் என்று உள்ளே வைத்துவிடுவேன். நீ கோபமாக இருப்பாய். அந்தக் கோபத்தை நேரில் வந்து காட்டு. ஏப்ரல் 6-இல் புதுப் பாலம் திறந்தாகிவிட்டது. தாம்பரத்தில் ஏறிப் படுத்தால் விடியும்போது கடல்மேல் வந்துகொண்டிருப்பாய். மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும் என்ற உன் பழைய சாக்கு இனிச் செல்லாது. கப்பல் வந்தால் பாலத்தின் நடுத்துண்டு அப்படியே மேலே ஏறுகிறது. அக்காவின் சின்னவன் அதைப் பார்க்கப் பள்ளிக்கூடத்தையே மறந்துவிடுவான்.

உன் மகன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் என்று கேள்விப்பட்டேன். கணக்கில் அவன் அம்மாவைக் கொண்டிருக்கிறான், நல்ல காலம். குடைக்கார வாத்தியார் தவறிவிட்டார், தெரியுமா? மாசியில். நாம் மூன்று பேரும் போயிருக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். சித்திரைக் கடைசியில் அக்காவின் பெரியவள் வயதுக்கு வந்தாள்.

அன்றைக்கு நான் ராமநாதபுரத்தில் வக்கீலைப் பார்க்கப் போயிருந்தேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் கரையில் கிடந்தது. அந்த 61 நாளும் கடலுக்குப் போகிறவர்களுக்கு வேலை இல்லை, என் ஜெரோமுக்கு மூச்சுவிட நேரமில்லை. இந்தக் கரையிலுள்ள என்ஜின்களில் பாதி அவன் கையில்தான் பிரித்துப் பூட்டப்படுகிறது. மத்தியானம் சாப்பிட வந்திருக்கிறான். இவள் அறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. வீட்டில் பெண் என்று யாரும் இல்லை, சேகர். யாரிடம் சொல்வாள்?

ஒன்று சொல்ல வேண்டும். மதுரையைக் காலி செய்துகொண்டு நாங்கள் இங்கே வந்த முதல் வாரமே சின்னவன் அவனை "ஜெரோம் மாமா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான். பெரியவள் மட்டும் எந்தச் சொல்லாலும் அவனைக் கூப்பிட்டதில்லை. "சாப்பாடு எடுத்து வைத்தாயிற்று" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவளுக்கு ரெட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டவன் அவன். காய்ச்சலில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவனும் அவன்தான். அவன் ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. நான்தான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

அன்று கதவைப் பாதி சாத்திக்கொண்டு சொல்லியிருக்கிறாள்: "சித்தப்பா, பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிடுங்கள்."

கை நிறையக் கிரீஸுடன் ஓடியிருக்கிறான். அந்த அத்தை அக்காவோடு தீவுகளுக்குக் கடற்பாசி எடுக்கப் போனவள். அது பாசிக்குப் போகாத காலம், வீட்டில் இருந்தாள். வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். நான் சாயங்காலம் வந்தபோது ஜெரோம் திண்ணையில் கை கழுவாமலே உட்கார்ந்திருந்தான். "சித்தப்பா என்றாள்" என்றான். வேறு எதுவும் அவனுக்குச் சொல்ல வரவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீயும் முறை போட்டுப் பார். நான் அவளுக்குத் தாய்மாமன். சின்னவன் சொல்கிறபடி ஜெரோமும் மாமா என்றால் அவன் எனக்குச் சகோதர முறையாகிவிடுகிறான். சித்தப்பா என்றால் அத்தானுக்குத் தம்பி. அக்கா வீட்டுக்காரரின் தம்பி எனக்கு யார்? மாப்பிள்ளை முறை. கொண்டு கொடுக்கிற முறை. அவள் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வயது. ஆனால் முறை தப்பாமல் பேசுகிற வீட்டில் வளர்ந்தவள். பதினோரு வருடமாக ஊருக்கு "நண்பர்", "கூடத் தங்கியிருக்கிறவர்" என்று சொல்லி ஓட்டிய எங்களுக்கு, கதவுக்குப் பின்னால் நின்று அவள் ஓர் இடம் கொடுத்துவிட்டாள்.

குடிசை கட்டினேன். பச்சை ஓலை வெட்டி, தாய்மாமன் கட்டுகிற குடிசையை நானே என் கையால் கட்டினேன். சீர்த்தட்டும் என் வீட்டிலிருந்துதான், வாங்குகிற வீடும் என் வீடுதான் என்று ஒரு குழப்பம் வந்தது. தகப்பன் பக்கம் நிற்பது யார்? அத்தான் வள்ளத்தோடு போய் நாலு வருடமாகிறது. தொண்டியிலிருந்து அவருடைய அண்ணன் வந்திருந்தார். அக்கா காரியத்துக்குப் பிறகு அன்றுதான் இந்த வாசலை மிதித்தார். பந்தலில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "இரண்டு ஆம்பளைகள் இருக்கிற வீட்டில் வயதுக்கு வந்த பெண்ணை எப்படி விடுவது?" எனக்குக் கை நடுங்கியது, சேகர். ஜெரோம் பின்கட்டுக்குப் போய்விட்டான்.

பிள்ளைகளின் அப்பத்தா அப்போது ஒன்றும் பேசவில்லை. சீர் வந்ததும் பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஜெரோமு, வந்து தட்டை வாங்கு." அவன் வந்து வாங்கினான். நான் கொடுத்தேன். புரிந்துதான் செய்தாரா, கால்வலியோடு எழுந்திருக்க முடியாமல் சொன்னாரா, கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

இப்போது என் கவலை. இது இரவில்தான் பெரிதாகிறது. வீட்டில் கிடைத்த முறை காகிதத்தில் இல்லை. தத்தெடுக்கலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். தனி ஆண் பெண்குழந்தையைத் தத்தெடுக்கச் சிறார் நீதிச் சட்டம் இடம் தராது. இருவருமாக எடுக்கவும் வழியில்லை; 17 அக்டோபர் 2023 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் அதற்கு எதிராகத்தான் தீர்ப்பு எழுதினார்கள். மிச்சம் 1890-ஆம் வருடத்துக் கார்டியன் சட்டம். மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு என்னைக் காப்பாளராக்கலாம். சரி, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? உயில் எழுதி வைக்கிறேன் என்றேன். வீட்டை எழுதலாம், பணத்தை எழுதலாம், பிள்ளைகளை எழுத முடியாது என்றார். உயிலில் காப்பாளரை நியமிக்கிற உரிமை தாய் தகப்பனுக்குத்தான், மாமனுக்கு இல்லையாம். நான் இல்லாத மறுநாள் தொண்டிக்காரர் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் ஜெரோம் எதைக் காட்டித் தடுப்பான்?

அதனால் மனுவில் இருவர் பெயரையும் போட வேண்டும் என்கிறேன். வக்கீல் தயங்குகிறார். ஒரு பெயர் என்றால் சுலபமாக முடியும், இரண்டு என்றால் அந்தப் பெரியப்பாவுக்கு வாய் கொடுத்தது போலாகும் என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் போன மாதம் 22-ஆம் தேதி நம் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்க வழி என்றில்லை என்று சொல்லியிருக்கிறது. ஒரு பெண் தன் துணையை அவளுடைய வீட்டாரிடமிருந்து மீட்கப் போட்ட வழக்கு. தினசரியில் வந்ததைக் கத்தரித்து வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்னொன்றும் அவரே சொன்னார்: விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை யாரிடம் இருக்க விரும்புகிறது என்பதையும் நீதிபதி கணக்கில் எடுக்கலாம். பெரியவளிடம் நான் இன்னும் கேட்கவில்லை. அவளை அந்தக் கூண்டுப் பக்கம் கூட்டிப் போகவே மனம் வரவில்லை. ஜெரோம் "என் பெயர் வேண்டாம், பிள்ளைகள் கையை விட்டுப் போகாமல் இருந்தால் போதும்" என்கிறான். நேற்று இதற்காக அவனோடு சண்டை. பதினோரு வருடத்தில் நான் அவனைப் பார்த்து அப்படிக் கத்தியதில்லை.

உன்னால் ஆக வேண்டியது இதுதான். எங்கள் இருவரையும் மதுரையில் முதல் வீடு பிடித்த நாளிலிருந்து அறிந்தவன் நீ ஒருவன். அந்த வீட்டு அட்வான்ஸில் பாதி நீ கொடுத்தது. ஆடியில் மனுப் போடுகிறோம். சாட்சியாக வந்து நில். எந்தப் பெயரோடு போடுவது என்பதையும் அதற்குள் யோசித்துச் சொல், எனக்காகச் சொல்லாதே, பிள்ளைகளுக்காகச் சொல்.

நம் கூட்டாளி சுண்டெலி வாங்கிக்கொண்டு போன அந்தப் புகைப்படத்தை வரும்போது அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வா. அக்கா அதில் சிரித்துக்கொண்டிருப்பாள். இங்கே இருக்கிற படத்தில் எல்லாம் விறைப்பாக நிற்கிறாள், சின்னவனுக்கு அம்மா சிரித்த முகம் மறந்துகொண்டு வருகிறது.

14-ஆம் தேதியோடு தடை முடிகிறது. படகுகள் இறங்கிவிட்டால் ஜெரோமுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். நீ வந்தால் நகரை மீன் குழம்பு அவன்தான் வைப்பான்.

அன்புடன்,
குமரன்