வட்டு பறக்கும் முன்னே ஊருக்குச் சொல்லிவிடு

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் நலம். நீயும் உன்னோடு இருக்கும் பிள்ளைகளும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

விடுமுறையில், நீங்கள் பல்கலைக்கழகத்தில் செய்த வட்ட வடிவ மாதிரி விமானத்தை, அந்த வட்டைக் கொண்டுவந்து தமிழ்ப்பள்ளித் திடலில் பறக்கவிடப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அளவுகளை இரண்டு முறை பார்த்தேன். 120 சென்டிமீட்டர் வட்டம், இரண்டு பக்க விளிம்பிலும் ஒவ்வொரு மோட்டார், எடை 1.8 கிலோ. வேலை சுத்தம். ஆனால் உங்கள் திட்டத்தில் பேட்டரிக்கு ஒரு பக்கம், திருப்பு பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோவுக்கு ஒரு பக்கம் இருக்கிறது, பார்க்க வரும் ஜனங்களுக்கு ஒரு வரிகூட இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

1783 ஆகஸ்ட் 27ஆம் தேதி பாரிஸில் ஜாக் சார்ல் என்பவரும் ராபர்ட் சகோதரர்களும் ஆளில்லாத பலூன் ஒன்றை ஏற்றினார்கள். இரும்புத் தூளில் கந்தக அமிலம் ஊற்றி எடுத்த ஹைட்ரஜன் உள்ளே. அது கசியாமல் இருக்க, டர்பன்டைனில் கரைத்த ரப்பரைப் பூசிய பட்டுத் துணி. (நம் பக்கத்துக் கோலகங்சாருக்குப் பால்மரக் கன்று வந்தது 1877இல். அதற்குத் தொண்ணூறு வருசத்துக்கு முன்பே ரப்பர் வானம் ஏறிவிட்டது.) பாரிஸில் பெருங்கூட்டம் கூடி ஆரவாரம் செய்தது. முக்கால் மணி நேரத்தில் அதே பலூன் கோனெஸ் என்ற கிராமத்தில் விழுந்தபோது, அங்கிருந்த விவசாயிகள் கவைக்கோலாலும் கத்தியாலும் குத்திக் கிழித்தார்கள். பாரிஸ்காரர்களுக்கு என்ன ஏறப்போகிறது என்று தெரியும். கோனெஸ்காரர்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. தரையில் புரண்டு நெளிந்து நாற்றமடிக்கும் பெரிய உருண்டையைக் கண்டால் வேறென்ன செய்வார்கள்? பிறகு அரசாங்கம் மக்களுக்கு அறிவிப்பு விட்டது: இருண்ட நிலா மாதிரி ஒன்று வானத்தில் தெரிந்தால் பயப்படாதீர்கள், அது துணிப்பை, யாருக்கும் தீங்கு செய்யாது என்று. அந்த அறிவிப்பு ஒரு வாரம் முந்தி வந்திருந்தால் பலூன் முழுசாகத் திரும்பியிருக்கும்.

ஆகவே நீங்களும் ஒரு வாரம் முன்னால் ஒரு பக்க அறிவிப்பு அடித்து அனுப்பு. தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் வேண்டும். பொருள் என்ன, எத்தனை அகலம், எந்த நாள் எத்தனை மணிக்கு, சத்தம் எப்படி இருக்கும், யாருடையது, எந்த எண்ணுக்குக் கூப்பிடலாம், இவ்வளவு போதும். வேலிக்கு வெளியே விழுந்தால் தொட வேண்டாம், பேட்டரி தீப்பிடிக்கலாம் என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போடு. பள்ளி வாசல், கோயில் பலகை, சூராவ் (முஸ்லிம்களின் தொழுகைக்கூடம்), சாப்பாட்டுக் கடை எல்லா இடத்திலும் அப்பா ஒட்டிவிடுகிறேன். திடலை ஒட்டி மாடு மேய்ப்பவரிடம் நேரில் சொல்ல வேண்டும். கோழிக்கும் மாட்டுக்கும் தலைக்கு மேல் வரும் நிழல் எல்லாமே பருந்துதான். தலைமையாசிரியரின் கடிதம், போலீஸ் நிலையத்துக்கு ஒரு தகவல், பல்கலைக்கழகம் வாங்கிய அனுமதியின் நகல் மூன்றும் கையில் இருக்கட்டும். அனுமதி இல்லாமல் 400 அடிக்கு மேல் போகக்கூடாது என்பது 2016ஆம் ஆண்டு விதி. உங்கள் வட்டுக்கு 100 அடியே தாராளம்.

உங்கள் வடிவத்துக்கு மூத்த அக்கா ஒருத்தி இருக்கிறாள், தெரியுமா? சார்ல்ஸ் சிம்மர்மன் வரைந்த வி-173 என்ற விமானம். 1942 நவம்பர் 23 அன்று அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் முதலில் பறந்தது. மரமும் துணியும், 80 குதிரைத் திறன் எஞ்சின் இரண்டு. ஏறக்குறைய வட்டமான இறக்கை என்பதால் பறக்கும் பான்கேக் என்று பெயர் வைத்தார்கள். நம் ஊராக இருந்தால் தோசை என்றிருப்பார்கள். கீழே இருந்து பார்த்தவர்கள் இனந்தெரியாத பொருள் பறப்பதாகப் பல தடவை புகார் செய்தார்கள். 1947 ஜூனில் கென்னத் ஆர்னல்ட் என்ற விமானி மலைப்பக்கம் ஒன்பது பொருள்களைப் பார்த்ததாகச் சொல்லி, அவை தண்ணீரில் எறிந்த தட்டு துள்ளுவது போலப் போயின என்றார். அவர் சொன்னது போன விதத்தை. பத்திரிகைகள் அதை வடிவமாக்கிப் பறக்கும் தட்டு என்று எழுதிவிட்டன. அன்றிலிருந்து வட்டமாக எது பறந்தாலும் அந்தப் பெயர்தான். உங்களுக்கும் அது தப்பாது. கோபப்படாதே.

வி-173இல் நீ மனப்பாடம் செய்ய வேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. ஒருமுறை அவசரமாகக் கடற்கரையில் இறக்கியபோது, குளிக்க வந்தவர்கள் பாதையில் நின்றார்கள். விமானி பிரேக்கை இறுக்கிப் பிடித்தார், விமானம் குப்புறக் கவிழ்ந்தது. விமானத்தின் சட்டகம் பலமானது என்பதால் அவரும் பிழைத்தார், விமானமும் பெரிய சேதமில்லாமல் தப்பியது. சோதனை விமானத்துக்கு முன்னால் எப்போதும் யாராவது வந்து நிற்பார்கள் என்று வைத்துக்கொண்டே திடலைப் பிரிக்க வேண்டும்.

காலை 7.45க்குத் தொடங்கி 9.30க்குள் முடித்துவிடு. அதற்குமேல் தரை சூடாகிக் காற்று குமிழியாகக் கிளம்பும். இவ்வளவு அகலமும் இவ்வளவு குறைந்த எடையும் உள்ள வட்டு அதில் காகிதம்போல் ஆடும். காலை வெயில் கண்ணில் அடிக்காமல் இருக்க ஜனங்கள் கிழக்கு ஓரத்தில் நிற்கட்டும், முகம் மேற்கே. இறங்கு பாதையிலிருந்து 30 மீட்டர் தள்ளிக் கயிறு. ரிமோட்டில் ஓட்டுபவர் கயிற்றுக்கு முன்னால், கூட்டத்துக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். வட்டு ஒரு தடவைகூட அவர் தோளுக்குப் பின்னால் போகக்கூடாது. கயிற்றுக்கு ஆறு பேர் வேண்டும், அதில் இரண்டு பேருக்குச் சிறுபிள்ளைகள் மட்டுமே பொறுப்பு. வட்டு தரை தொட்டதும் பிள்ளைகள் ஓடுவார்கள், விசை குறைத்த மோட்டார் அந்த நேரம் பார்த்துத் திரும்பச் சுற்றினால் விரல் போய்விடும். பேட்டரியின் இணைப்பைக் கழற்றி ஓட்டுபவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிய பிறகே கயிறு இறங்க வேண்டும். சொந்த ட்ரோன் கொண்டு வருகிறவர்கள் இருப்பார்கள். அறிவிப்பிலேயே வேண்டாம் என்று எழுதிவிடு.

மைக் பிடித்து விளக்க ஒருவர் கட்டாயம் தேவை. ஏன் என்றால், வட்ட இறக்கை மெதுவாகப் பறக்கும்போது மூக்கை 20, 30 பாகை தூக்கிக்கொண்டே போகும். தெரியாதவர் கண்ணுக்கு அது விழப்போவதாகத்தான் படும். கூட்டம் அலறும். அலறலைக் கேட்டு ஓட்டுபவர் பதறி விசையைக் குறைத்தால் நிஜமாகவே விழும். இப்படி வட்டமான இறக்கைக்கு அந்தக் கோணத்தில் இழுவை மிக அதிகம், விசை போனால் வேகம் போகும், கல் மாதிரி இறங்கும். "மூக்கு தூக்கியிருப்பது சரிதான், பயப்படாதீர்கள்" என்று மைக்கில் சொன்னால் கூட்டமும் அடங்கும், ஓட்டுபவர் கையும் நடுங்காது.

அடுத்த ஆபத்து கைதட்டல். "இன்னும் ஒரு ரவுண்டு!" என்று கேட்பார்கள். பேட்டரி ஆறு நிமிடம் தாங்கும் என்று எழுதியிருக்கிறாய். கடிகாரத்தை நான்கு நிமிடத்துக்கு வை. பேட்டரிக்குள் ஒரு செல் 3.5 வோல்ட்டுக்கு இறங்கியபின் மின்அழுத்தம் சட்டென்று சரியும், அதுவும் இறங்கும் கடைசி நேரத்தில், உங்களுக்கு விசை அதிகம் தேவைப்படும்போது. மூன்று பேட்டரி கொண்டுவா. கேட்டால் மறுபடி ஏற்றலாம், புது பேட்டரியில். காரின் பின்னால் வெயிலில் போட்டு வைக்காதே.

வட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றுபோலத் தெரியும். 80 மீட்டர் தாண்டினால் வருகிறதா போகிறதா என்று தெரியாமல் ஓட்டுபவர் எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவார். மேலே மஞ்சள், கீழே கறுப்பு, முன் விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்பு அடித்துவிடு. எடை மையம் முன் விளிம்பிலிருந்து 27 முதல் 30 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். வட்டம்தானே என்று நடுவில் வைத்தால் மூக்கு எகிறிப் பல்டி அடிக்கும். புரொப்பெல்லரை மோட்டாரோடு கழற்றிக் கொண்டு வருவதானால் இடது வலது அடையாளம் போடு. புரொப்பெல்லரின் வெளிப்பக்கம் மேலிருந்து கீழே இறங்க வேண்டும், அப்போதுதான் விளிம்பில் சுருண்டு ஏறும் காற்றை அது அடக்கும். மாறிப் போனாலும் பறக்கும், மூச்சு வாங்கிக்கொண்டு.

ஒன்றை மட்டும் அப்பா கண்டிப்பாகச் சொல்கிறேன். முதல் பறப்பு கூட்டத்துக்கு முன்னால் வேண்டாம். 1903இல் லாங்லி என்ற அமெரிக்க விஞ்ஞானி தம் விமானத்தைப் பத்திரிகைக்காரர்கள் பார்க்க ஆற்றில் இரண்டு முறை ஏவினார். இரண்டு முறையும் தண்ணீரில் விழுந்தது, நாடே சிரித்தது. இரண்டாவது விழுந்த ஒன்பதாம் நாள், டிசம்பர் 17 அன்று, ரைட் சகோதரர்கள் ஐந்து பேர் மட்டும் பார்த்திருக்க 12 விநாடி பறந்தார்கள். முதலில் லாலாங் புல்வெளியில் மோட்டார் இல்லாமல் கையால் எறிந்து பாருங்கள். நீங்கள் படிக்கும் ஸ்கூடாயிலேயே பத்து முறை முழுசாக ஏறி இறங்கட்டும். பத்து ஆகவில்லை என்றால் இங்கே தரையில் வைத்துக் காட்டினால் போதும்.

கேள்விகளுக்கும் தயாராக இரு. "எத்தனை வெள்ளி செலவு?" என்று முதலில் கேட்பார்கள். சரியான தொகையைச் சொல். "எதுக்கு உதவும்?" என்பது அடுத்தது. 2019இல் பறக்கும் கார் வரப்போகிறது என்று நம் நாட்டு அமைச்சர் அறிவித்தபோது, முதலில் பஸ்ஸும் ரயிலும் ஒழுங்காக வரட்டும் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்! நாள் சம்பளத்தில் பிள்ளை வளர்த்த ஊர் இது, அந்தக் கேள்வி கேட்க இவர்களுக்கு முழு உரிமை உண்டு. செம்பனைக்கு மருந்து அடிக்கும் என்றெல்லாம் இல்லாததைச் சொல்லாதே. குறுகிய இடத்தில் மெதுவாக ஏறி இறங்க முடியுமா என்று பார்க்கிறோம், இன்னும் சுமை தூக்காது என்று சொல். "ஆள் ஏறலாமா?" என்று பையன்கள் கேட்டால் கனடாவில் செய்த அவ்ரோகார் கதையைச் சொல்லலாம். 5.5 மீட்டர் தட்டு, இரண்டு பேர் உட்காரலாம், 1959இல் பறந்தது. ஒரு மீட்டருக்கு மேல் போனால் அடியிலிருந்த காற்று மெத்தை குலைந்து தட்டு தள்ளாடும். 1961இல் நிறுத்திவிட்டார்கள்.

புலனத்தில் (வாட்ஸ்அப்) எப்படியும் காணொளி சுற்றும். உங்கள் காணொளி முதலில் போகட்டும். வட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பதிலிருந்து தொடங்கு. 30 மீட்டர் தூரத்தில் உள்ள 1.2 மீட்டர் வட்டும், 300 மீட்டர் தூரத்தில் உள்ள 12 மீட்டர் தட்டும் கைப்பேசியில் ஒரே அளவுதான்.

கீழே விழுந்தால் அவசரமாக மூட்டை கட்டாதே. கிடந்தபடியே படம் எடு, பிறகு துண்டுகளைப் பொறுக்கு, என்ன ஆனது என்று மைக்கில் தெரிந்தவரைக்கும் சொல். வந்தவர்கள் பாதியில் விட்டுப் போகமாட்டார்கள், கூடவே பொறுக்கித் தருவார்கள்.

கயிறு, விசில், மைக் இங்கே இருக்கிறது. புரொப்பெல்லர் நான்கு உபரியாக எடுத்து வா. எத்தனை பேர் தங்குவீர்கள் என்று அம்மா கேட்கிறாள். சைவம் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அப்பா