சாப்பலைச் சுற்றிக்காட்டும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோடையில் ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாக்களைப் பாஸ்டன், கேம்பிரிட்ஜ் பக்கம் வேனில் அழைத்துப் போகும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை மதியம், கேம்பிரிட்ஜில் உள்ள எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் சாப்பலுக்குள், அதாவது அதன் சின்ன வழிபாட்டுக் கூடத்துக்குள், நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவன் நான்தான். "தம்பி, ஃபோட்டோவுல விழறீங்க, ஒரு நிமிஷம் எழுந்துக்கறீங்களா?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். எழுந்துகொண்டேன்.

அன்று என் அப்பாவுக்குப் பதினாறாம் நாள். என் விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. ஊருக்குப் போனால் எப்போது திரும்ப முடியும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தம்பிதான் கொள்ளி வைத்தான். நான் அதைச் செல்ஃபோனில் பார்த்தேன். சுடுகாட்டில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. அப்பாவின் முகம் பாதியில் அப்படியே உறைந்து நின்றது, அப்புறம் லைன் போய்விட்டது. அறையில் இன்னொருவர் இருக்கிறார், லேபில் ஆறு பேர். அழுவதற்கு ஓர் இடம் இல்லை. ஊர் என்றால் கோயில் குளத்துப் படியில் போய் உட்கார்ந்திருப்பேன். இங்கே எனக்கு வாய்த்த படித்துறை அந்தச் சாப்பல்தான்.

கட்டடக் கலைஞர் ஏரோ சாரினென் கட்டியது, 1955, செயின்ட் லூயிஸ் நகரத்துப் பெரிய வளைவும் அவர் வடிவமைத்ததே என்றெல்லாம் வந்தவர்களுக்குச் சொன்னீர்கள். சரி, நல்ல விஷயம். 50 அடி விட்டமுள்ள அந்தச் செங்கல் உருளைக்கு ஏன் ஜன்னலே வைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கிரேக்க மலைக்கிராமம் ஒன்றில் பார்த்த நிலா இரவை மனதில் வைத்துத்தான் சாரினென் அதை வடிவமைத்தார். கூரையில் ஒரே ஒரு வட்டத் திறப்பு. அங்கிருந்து இறங்கும் வெளிச்சத்தை சிற்பி ஹாரி பெர்டோயா தொங்கவிட்ட சின்னச் சின்ன உலோகத் துண்டுகள் வாங்கி வாங்கி வெள்ளைச் சலவைக்கல் பீடத்தில் சிந்துகின்றன. வெளியே அகழித் தண்ணீரில் பட்ட வெயில் அடிவளைவுகள் வழியாக உள்ளே ஏறி, நெளிந்த சுவரில் நடுங்குகிறது. ஐந்து நிமிடம் சும்மா இருந்தால்தான் அது கண்ணுக்கே தெரியும். நீங்கள் உள்ளே இருந்தது மொத்தம் பத்து நிமிடம். அதில் ஒரு நிமிடம்கூட யாரும் சும்மா இருக்கவில்லை.

அது எல்லா மதத்தாருக்கும் பொதுவான இடம், நம்பிக்கை இல்லாதவருக்கும் கதவு திறந்திருக்கும். தயவுசெய்து இருபது பேராக உள்ளே வராதீர்கள். நாலைந்து பேராக வாருங்கள். ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். படம் வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். செங்கல் சுவர் இருக்கிறது, கூரைமேல் மணிக்கோபுரம் இருக்கிறது.

நம் ஊரிலேயே கோயிலுக்குள் செல்ஃபோன் கூடாது என்று 2022-ல் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மூலவருக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்கிற பழக்கத்தைக் கடல் தாண்டியும் கொண்டு வந்திருக்கிறோம். சாவு வீட்டில்கூட வீடியோ எடுக்கிறோம். எதைப் பார்த்தாலும் உடனே யாருக்காவது அனுப்பியாக வேண்டும் என்ற இந்த அவசரம் எனக்கு வெறுப்பாகவே இருக்கிறது. மன்னியுங்கள், இது முழுக்க உங்கள் தவறு இல்லை. வயதானவர்களுக்காக வார இறுதியை விட்டுக்கொடுத்து வண்டி ஓட்டுகிறவர்கள் நீங்கள். ஆனால் பத்து நாளாக நேரில் காதில் விழாத தமிழ், மறுபடி விழுந்தபோது 'எழுந்துக்கறீங்களா' என்று விழுந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் வருவீர்கள். நாலைந்து பேராக, பேசாமல். இதைத்தான் திரும்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் கூட்டத்தில் நீலப் புடவையில் ஓர் அம்மா வந்திருந்தார். யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் கைகூப்பி நின்றார். எல்லோரும் கிளம்பிய பிறகும் நின்றார். நீங்கள் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனீர்கள். அவர் இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை என்றால், ஒரு நாள் அவரை மட்டும் கூட்டி வாருங்கள். அவசரப்படுத்தாமல் உட்கார விடுங்கள்.

இப்படிக்கு,
முன்வரிசையில் இருந்தவன்