மூன்று முத்துலட்சுமிகள்

அன்புள்ள பாஸ்கர்,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல்.

"இன்னும் அந்த ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமிலேயேதான் குப்பை கொட்டுகிறாயா?" என்று கேட்டிருந்தாய். ஆமாம், இப்போது கம்ப்யூட்டரில் கொட்டுகிறேன். நோயாளி ஒவ்வொருவருக்கும் மத்திய அரசு தரும் ஆபா எண் (ஆயுஷ்மான் பாரத் ஹெல்த் அக்கவுன்ட்) வந்த பிறகு வேலையே மாறிவிட்டது. உங்கள் புதுச்சேரியில் 2020லேயே வெள்ளோட்டம் விட்டார்கள். 2021 செப்டம்பரில்தான் நாடு முழுக்க வந்தது. 14 இலக்க எண். அதில் இணைந்த ஆஸ்பத்திரி எதற்குப் போனாலும் பழைய ரிப்போர்ட்டை வரவழைக்கலாம். எல்லாவற்றையும் டெல்லியில் ஒரே இடத்தில் குவித்து வைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ரிப்போர்ட் எடுத்த இடத்திலேயே இருக்கும், நோயாளி சம்மதித்தால்தான் அடுத்த இடத்துக்குப் போகும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சம்மதம் கேட்டுச் செய்தி வருவது ஆப்பில். பாட்டி கையில் இருப்பதோ பட்டன் போன்.

சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ள எஃப்.ஹெச்.ஐ.ஆர். என்று ஒரு பொது வடிவம் உண்டு. ஐ.டி. பையன்கள் 'ஃபயர்' என்பார்கள். அது பாட்டுக்கு ஓடும். எங்கள் பாடு பெயரில்தான்.

எங்கள் சிஸ்டத்தில் ஒரே ஊர்க்காரராக மூன்று முத்துலட்சுமி. ஒருவர் 'லெட்சுமி'. ஆங்கிலத்தில் அடிக்கும்போது கவுன்ட்டருக்கு ஒரு ஸ்பெல்லிங். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பிறகு கணவர் இனிஷியல். கடைசிப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் சாஃப்ட்வேர் நகராது. அதனால் ஒருவர் இனிஷியலைப் போடுவார், இன்னொருவர் வெறும் புள்ளி வைப்பார். பிறந்த தேதி மூவருக்கும் ஜனவரி 1. வயதை மட்டும் சொன்னால் எல்லோரும் ஜனவரி ஒன்றில்தானே பிறப்பார்கள்!

போன வருஷம் புதிதாகச் சேர்ந்த பையன் அவர்களில் இரண்டு பேரின் ரெக்கார்டை ஒன்றாக்கிவிட்டான். டிரெஸ்ஸிங் ரூம் சிஸ்டர் திரையைப் பார்க்கிறார்: சர்க்கரை நோய், வலது கால் கட்டைவிரல் எடுத்தாயிற்று. எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கோ பத்து விரலும் முழுசாக இருக்கிறது. "ஏம்மா, உங்க விரல் திரும்ப முளைச்சிருச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். பிறகுதான் எங்களுக்குப் போன். சேர்க்க ஒரு கிளிக், பிரிக்க இரண்டு நாள். எந்த ரத்தப் பரிசோதனை யாருடையது என்று லேப் நோட்டை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கால் விரல் என்பதால் பார்த்ததும் தெரிந்துவிட்டது, மாறியது இன்சுலின் டோஸாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் பிறந்த வீட்டு ஊர், கணவர் பெயர், எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் விசாரித்துவிடுகிறேன். போன வாரம் ஒரு பாட்டி, "என்ன தம்பி, சம்பந்தம் பேசுறியா?" என்றார்.

அப்பாவின் பழைய ரிப்போர்ட்டெல்லாம் அந்த மஞ்சப்பையிலேயே இருக்கட்டும், இப்போதைக்குத் தூக்கிப் போட்டுவிடாதே. பொங்கலுக்கு வரும்போது ஆபா போட்டுவிடலாம். அவருடைய ஆதாரில் எந்த போன் நம்பர் இருக்கிறதென்று மட்டும் முதலில் பார்த்து வை.

அன்புடன்,
முருகேசன்